ரோஸ்மேரி: முதல் மாதமும் ஐந்தாம் ஆண்டும்

சமையலுக்கு மணம் சேர்க்கும் ரோஸ்மேரியை வறட்சி தாங்கும் செடி என்று சொல்லித்தான் விற்கிறார்கள். பொய்யில்லை, ஆனால் அது நிலத்தில் நன்றாக வேரூன்றிய செடிக்குத்தான் பொருந்தும். மத்தியதரைக் கடலோரத்தின் வறண்ட சரிவுகளில் வளரும் புதர் இது. இலை ஊசிபோல ஒடுங்கி, ஓரங்கள் கீழ்நோக்கிச் சுருண்டு, அடிப்புறம் வெண்மயிர் மூடியிருக்கும். நீர் ஆவியாவதைக் குறைப்பது அந்த அமைப்புதான். ஈரத்தில் ஊறும் வேரைக் காப்பாற்றிக்கொள்ளும் வழி மட்டும் அதற்கு இல்லை. காய்ந்து போகும் செடிகளைவிட அழுகிப் போகும் செடிகளே அதிகம்.

நர்சரிச் செடி பெரும்பாலும் கோகோபீட்டில், அதாவது தேங்காய் நார்க்கழிவுத் தூளில்தான் வரும். அதை அப்படியே தொட்டியில் இறக்கினால் சுற்றியுள்ள மண் காய்ந்த பிறகும் நடுவிலுள்ள வேர்க்கட்டி சொதசொதவென்றே இருக்கும். அதே கட்டி ஒருமுறை முழுக்கக் காய்ந்துவிட்டாலோ, ஊற்றும் தண்ணீர் ஓரமாக வழிந்து ஓடும், உள்ளே இறங்காது. நடும்போது வெளிப்பக்கக் கோகோபீட்டை விரலால் உதிர்த்துவிடுங்கள். பாதி உதிர்ந்தால் போதும். வேரை அலச வேண்டியதில்லை.

கலவைக்குத் தோட்டமண் இரண்டு பங்கு, கொரகொரப்பான மணல் ஒரு பங்கு, பெர்லைட் (நீர் வடிய உதவும், பொரிபோன்ற எடையில்லாத வெண்கல்) அல்லது பொடி ஜல்லி ஒரு பங்கு. மட்கிய தொழுவுரம் ஒரு கைப்பிடி போதும். நைசான மணல் ஆகாது, களிமண்ணோடு சேர்ந்து இறுகிவிடும். தொட்டி 25 முதல் 30 செ.மீ. அகலத்தில், மண்தொட்டியாக இருந்தால் நல்லது. நிலத்தில் வைப்பதானால் சற்று மேடாக்கி, செடிக்குச் செடி 60 முதல் 90 செ.மீ. விட்டு, தண்டின் கழுத்து, அதாவது தண்டும் வேரும் சேரும் இடம், மண்ணில் புதையாமல் நட வேண்டும். இலைதழை மூடாக்கைத் தண்டை ஒட்டிப் போடாதீர்கள், கூழாங்கல் பரப்பலாம்.

மேல்மண் 5 செ.மீ. ஆழத்துக்குக் காய்ந்திருக்கிறதா என்று விரல்விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் அடித்துளை வழியே வடியும்வரை ஊற்றுங்கள். தினமும் ஒரு டம்ளர் தெளிக்கும் பழக்கம்தான் கெடுதல். நிலத்துச் செடிக்கும் முதல் ஆண்டு முழுவதும் இந்தக் கவனிப்பு தேவை. தொட்டிச் செடிக்கு எத்தனை ஆண்டானாலும் தேவை. வேர் தேடிப்போக அங்கே இடம் ஏது? இதில் ஒரு சங்கடம் உண்டு. முதிர்ந்த கிளைகள் கட்டை பாய்ந்திருப்பதால் தாகத்தைச் சட்டென்று தலைசாய்த்துக் காட்டாது. இலை மொறுமொறுவென்று உதிரும்போதுதான் தெரியும், அதற்குள் காலம் கடந்திருக்கும். அழுகலிலும் இலை பழுப்பாகும், ஆனால் மண் ஈரமாக இருக்கும், அடித்தண்டு கறுக்கும், வேர் கறுத்து வழவழக்கும். சந்தேகம் வந்தால் தண்டை நகத்தால் கீறிப் பாருங்கள்: உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது.

நேரடி வெயில் ஆறு மணி நேரமாவது வேண்டும். குறைந்தால் கிளைகள் நீண்டு இளைக்கும், மணம் மங்கும். தழைச்சத்து (நைட்ரஜன்) உரத்தை அள்ளிக் கொட்டினாலும் இதேதான்: செடி கொழுகொழுவென்றிருக்கும், கசக்கினால் வாசனை வராது. ஈரக்காற்று தேங்கும் இடத்தில் இலைமேல் வெண்பொடி படியும் சாம்பல் நோய் வரும். உள்கிளைகளைக் களைந்து காற்றோட்டம் கொடுப்பதே முதல் வைத்தியம். இலையில் வெளிறிய பொடிப்புள்ளிகள் தெரிந்தால் வெள்ளைத்தாளின்மேல் கிளையை உதறுங்கள்; நகரும் புள்ளிகள் சிலந்திப்பேன்கள். காலையில் இலையின் அடிப்புறத்தில் தண்ணீரைப் பீய்ச்சியடித்து, சில நாள் இடைவெளியில் திரும்பச் செய்தால் பெரும்பாலும் கட்டுப்படும்.

நீண்டகாலப் பயன்பாட்டில் இந்தச் செடியின் உண்மையான குறை கவாத்தில், அதாவது கிளைகளை வெட்டி ஒழுங்குபடுத்தும்போதுதான் வெளிப்படுகிறது. செம்பருத்தியை ஒட்ட வெட்டினாலும் துளிர்க்கும். ரோஸ்மேரி அப்படியில்லை: இலையே இல்லாத பழைய கட்டையில் வெட்டினால் அந்தக் கிளை பெரும்பாலும் அதோடு முடிந்தது. வெட்டும் இடத்துக்குக் கீழே பச்சை இலைகள் நிற்க வேண்டும், ஒரு தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. பூ முடிந்ததும் வெட்டுவது சிறந்தது. முதல் ஆண்டிலிருந்தே நுனி கிள்ளி வந்தால் புதர் அடர்த்தியாக நிற்கும். சும்மா விட்டால் ஐந்தாம் ஆண்டுவாக்கில் அடி மொட்டையாகி உச்சியில் மட்டும் இலை மிஞ்சும். அதை வெட்டிச் சரிசெய்யப் பார்ப்பது வீண்வேலை. புதுச்செடி எடுப்பதே வழி.

விதை நம்பத்தக்கதல்ல: மெதுவாக முளைக்கும், குறைவாக முளைக்கும், தாயின் குணமும் நிச்சயமில்லை. 10 முதல் 12 செ.மீ. நீளத்தில், பூக்காத, முற்றத் தொடங்கும் பச்சைக் குச்சியைக் கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டி, கீழ்ப்பாதி இலைகளை உருவிவிட்டு, பெர்லைட்டும் கோகோபீட்டும் சமமாகக் கலந்த ஈரக் கலவையில் செருகுங்கள். வெளிச்சமான நிழலில் நான்கிலிருந்து ஆறு வாரத்தில் வேர்விடும். பிடுங்கிப் பார்க்காமல் லேசாக இழுத்துப் பாருங்கள், பிடித்துக்கொண்டால் வேர் வந்திருக்கிறது. எல்லாக் குச்சியும் தேறாது, அதனால் வேண்டியதைப்போல் இரண்டு மடங்கு வையுங்கள். படரும் வகையானால் இந்தப் பாடும் இல்லை. தரையைத் தொடும் கிளையின் அடித்தோலை லேசாகச் சுரண்டி, மண் அணைத்து, மேலே ஒரு கல்லை வைத்தால் தானே வேர்விடும். நன்றாக வேர்பிடித்த பிறகு தாய்ச்செடியிலிருந்து அறுத்து நட்டுக்கொள்ளலாம்.