பாடகர் குழுவின் புதிய நடத்துநருக்குக் காட்பாடியில் ஒரு வழிகாட்டி

பாடகர் குழுவின் பழைய நடத்துநர் விலகியதும், குழுவிலேயே நன்றாகப் பாடும் இளையவர் ஒருவரிடம் பொறுப்பை ஒப்படைத்துவிடுவது வேலூர்ப் பகுதிச் சபைகள் பலவற்றில் வழக்கம். பாடுவது வேறு, பாட வைப்பது வேறு. எங்கள் சபையில் இப்பொறுப்பை ஏற்ற இளம்பெண்ணை, காட்பாடியில் ஓய்வுபெற்ற இசையாசிரியர் ஒருவர் அளிக்கும் தனிப்பயிற்சிக்கு அனுப்பினோம். பெண்குரல்களில் தாழ்ந்த பகுதியான ஆல்டோவைப் பாடும் நான் அதன் பலனை வாரந்தோறும் நேரில் கண்டு வருகிறேன்.

நான்கு அடி, மூன்று அடி, ஆறு அடி என்று தாளத்துக்கேற்பக் கையசைக்கும் முறைகளை எவரும் விரைவில் கற்றுவிடலாம். அவற்றுக்கு இந்த ஆசிரியர் அதிக நேரம் ஒதுக்குவதில்லை. பாட்டு தொடங்குவதற்கு முந்தைய ஆயத்த அசைவுக்கே அவர் முதலிடம் தருகிறார். பாட்டின் வேகம், குரலின் அளவு, மூச்சு எடுக்க வேண்டிய தருணம் ஆகிய மூன்றையும் அந்த ஓர் அசைவே குழுவுக்குச் சொல்லிவிட வேண்டும் என்பதால், நடத்துநரும் குழுவோடு சேர்ந்து மூச்சு எடுக்கப் பழக்குகிறார். வலக்கை செய்வதையே இடக்கையும் திருப்பிச் செய்யும் பழக்கத்தை நிறுத்தி, குரலை ஏற்றவும் இறக்கவும், ஒவ்வொரு பகுதியையும் உள்ளே அழைக்கவும் இடக்கையைத் தனியாகப் பழக்குகிறார். சொற்களிலும் அவருக்கு மிகுந்த கவனம் உண்டு. மேலைநாட்டு மெட்டில் அமைந்த பாமாலைகளில் அழுத்தமான அடி சில இடங்களில் குறிலின்மீது விழுந்துவிடுகிறது. அங்கே எழுத்தை நெடிலாக இழுக்காமல் பாட வைப்பதையும், வரியிறுதியில் வரும் ‘ம்’, ‘ன்’ ஆகியவற்றை அனைவரும் ஒரே நொடியில் மூடுவதையும் பொறுமையாகக் கற்றுத்தருகிறார்.

இவற்றைவிட நான் உயர்வாக மதிப்பது, அவர் எங்கள் ஒத்திகைக்கு வந்து நடந்துகொண்ட விதம். கடைசி வரிசையில், ஆண்குரல்களில் தாழ்ந்த பகுதியான பேஸ் பாடுவோரின் அருகில் அமர்ந்து குறிப்பெடுத்தாரே தவிர, மூத்தவர்கள் வற்புறுத்தி அழைத்தும் முன்னால் வந்து கையசைக்க அவர் இசையவில்லை. எல்லாரும் கலைந்த பிறகு, “இரண்டாம் சரணத்தில் டெனர் (ஆண்களின் உயர்குரல்) எங்கே மூச்சு வாங்கியது, கவனித்தீர்களா?” என்பதுபோல் கேள்வியாகவே கேட்டார். விடை தேடுவதற்காகவே அந்தப் பெண் தாளிலிருந்து கண்ணை உயர்த்திக் குழுவைக் கேட்கத் தொடங்கினார். குழுவின் முன்னிலையில் ஒருமுறைகூடத் திருத்தப்படாததால், வயதில் மூத்தவர்களும் அவருடைய கையை நம்பிப் பாடுகிறார்கள்.

குறை ஒன்றும் உண்டு. 1853-இல் தொடங்கிய அமெரிக்க ஆற்காடு மிஷனின் வழிவந்த இப்பகுதிச் சபைகளில், நான்கு குரல் பாமாலைகளோடு, வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) போன்றோரின் மரபில் வந்த கீர்த்தனைகளும் பாடப்படுகின்றன. ஆதி தாளத்தில் அடி விழுந்த பின்னரே தொடங்கும் கீர்த்தனைக்கு எடுப்பை (பாட்டு தொடங்கும் இடத்தை) எவ்வாறு காட்டுவது என்பதை இப்பயிற்சி மேலோட்டமாகவே தொடுகிறது. கீர்த்தனைகளையே மிகுதியாகப் பாடும் குழுவினர், கர்நாடக இசை அறிந்த ஒருவரிடமும் கற்பது நல்லது.

கட்டணம் சபைக்குச் சுமையாக இல்லை. ஒத்திகைக்கு வந்துபோகும் செலவை மட்டும் தனியாகத் தர வேண்டும். கிறிஸ்துமஸ் கேரல் ஒத்திகைகள் தொடங்கிவிட்டால் இருவருக்குமே நேரம் கிடைப்பது அரிது. ஆகையால் ஈஸ்டர் முடிந்த கையோடு சேர்வதே பொருத்தம்.