ஸ்பானிஷ் இறந்தகாலம்: இரண்டரை வருட அனுபவம்

ஒரு மொபைல் ஆப், ஒரு 200 பக்க நோட்டு, காட்பாடியிலிருந்து வேலைக்குப் போகும் பஸ் நேரம். இரண்டரை வருடமாக இப்படித்தான் ஸ்பானிஷ் படிக்கிறேன். ஆப் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில்தான் விளக்கும். அதனால் இறந்தகாலத்தில் எட்டு மாதம் மாட்டிக்கொண்டேன். ‘ஃபுயி’ என்றாலும் போனேன், ‘இபா’ என்றாலும் போனேன். எதை எங்கே போடுவது?

ஒரு நாள் குடியாத்தத்து ஆயாவைப் பற்றி நோட்டில் எழுத உட்கார்ந்தேன். முதலில் தமிழில்: “லீவு விட்டா ஆயா வீட்டுக்குப் போவேன். ஆயா முள்ளு கத்திரிக்காயைச் சுட்டுக் கடையும். நான் அடுப்புப் பக்கத்துலயே உட்கார்ந்திருப்பேன்.”

படித்துப் பார்த்தால் ஒரு ‘போனேன்’கூட இல்லை. ஆயா போய்ப் பல வருடமாகியும் போவேன், கடையும், இருப்பேன். நாளை நடப்பதற்குச் சொல்லும் வடிவத்திலேயே அன்று வழக்கமாக நடந்ததையும் சொல்கிறோம். அதுதான் ‘இபா’! “கடைசியா பொங்கலுக்குப் போனேன்” என்றால் ‘ஃபுயி’. அன்றைக்குப் பஸ்ஸில் கண் கலங்கிவிட்டது.

இதை அப்படியே எல்லா இடத்திலும் போட முடியாது. “வீடு சின்னதா இருந்தது” என்பதில் ‘போவேன்’ மாதிரி வடிவம் இல்லை, ஆனாலும் ஸ்பானிஷில் ‘எரா’ என்று ‘இபா’ வகை வடிவம்தான் வரும். ஆனால் இந்த வடிவத்தில் ஒழுங்கு தவறும் வினைகள் செர் (இரு), இர் (போ), பெர் (பார்) என்று மூன்றே மூன்று. மனப்பாடம் செய்ய ஒரு நாள் போதும்.

உணர்ச்சிகளில் நமக்கு இன்னும் சுலபம். ‘மே குஸ்தா’ எனக்குப் பிடிக்கும், ‘மே துவேலே லா கபேஸா’ எனக்குத் தலை வலிக்கிறது. நம் ‘எனக்கு’ அப்படியே உட்கார்ந்திருக்கிறது. ஒன்றுக்கு மேற்பட்டவை பிடித்தால் மட்டும் ‘குஸ்தான்’. அந்த ‘ன்’ எனக்கு இன்றும் விட்டுப்போகிறது.

தமிழ் கை கொடுக்காத இடமும் உண்டு. “நீ இங்கே இருக்கிறது சந்தோஷம்” என்று சொல்ல ‘மே அலேக்ரா கே எஸ்தேஸ் அகி’. வழக்கமான ‘எஸ்தாஸ்’ இங்கே ‘எஸ்தேஸ்’ ஆகிவிடும். சந்தோஷம், வருத்தம், பயம் எதைச் சொன்னாலும் அடுத்த வினை இப்படி மாறும். இதற்கு நம்மிடம் இணை இல்லை. சொல்லிச் சொல்லித்தான் பழக வேண்டும், நான் இன்னும் பழகவில்லை.

எனக்கு ரொம்பப் பிடித்தது ‘ஸாபியா’வும் ‘ஸூபே’யும். ஒரே வினைதான். ஆயாவுக்கு முடியவில்லை என்று அப்போதே எனக்குத் தெரியும்: ஸாபியா. ஆயா போனது மறுநாள்தான் தெரிந்தது: ஸூபே.