காட்டு இஞ்சியின் பெயரால் விற்கப்படும் வெளுப்புப் பூச்சு: யாழ்ப்பாணத்தவர் கவனத்திற்கு

கலியாணப் பேச்சு நடந்துகொண்டிருந்த என் பெறாமகளுக்காக, கடந்த தை மாதம் யாழ் நகரிலுள்ள அழகுசாதனக் கடையொன்றில் ‘காட்டு இஞ்சி மூலிகைப் பூச்சு’ என்று ஒட்டப்பட்ட டப்பியை 2,800 ரூபாய் கொடுத்து நானே வாங்கினேன். “இது மருந்தில்லை அக்கா, கிழங்குச் சாறுதான், ஆராய்ச்சியே இருக்கு” என்று சொல்லிக் கடைக்காரர் அச்சிட்ட தாள் ஒன்றையும் காட்டினார்.

அந்தத் தாளில் இருந்தது பொய் அன்று. கஸ்தூரி மஞ்சள், கச்சோலம், காட்டு இஞ்சி முதலிய இஞ்சிக் குடும்பக் கிழங்குகளில் ஒட்சியேற்ற எதிரிகள், அதாவது ஒட்சியேற்றத்தால் கலங்கள் சேதமாவதைத் தடுக்கும் பொருட்கள், உள்ளன. தோலுக்கு நிறம் தரும் மெலனினை உருவாக்கும் டைரோசினேஸ் என்ற நொதியத்தை அவற்றின் சாறுகள் சில ஆய்வுகூடத்தில் தடுத்தும் இருக்கின்றன. ஆனால் அத்தகைய சோதனைகளிற் பல, காளானிலிருந்து பிரித்தெடுத்த நொதியத்தைக் கொண்டு செய்யப்படுபவை. உயிருள்ள மனிதத் தோலை ஊடுருவி அதே வேலையைச் சாறு செய்யும் என்பதற்கு அவை சான்றாகமாட்டா. அதைவிட முக்கியமாக, தாளில் எழுதிய கிழங்கு டப்பிக்குள் இருக்கிறதா என்று நான் கேட்கவேயில்லை.

திறந்தபோதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். கஸ்தூரி மஞ்சள் அரைத்த அம்மியில் கழுவிய பின்னும் நிற்கும் அந்தக் கற்பூர நெடி அதில் துளியும் இல்லை. சுண்ணாம்பு போல வெள்ளையாக, மல்லிகை வாசனையுடன் இருந்தது. உள்ளடக்கமோ உற்பத்தியாளர் முகவரியோ தொகுதி இலக்கமோ டப்பியில் இல்லை.

பத்து நாளில் பிள்ளையின் முகம் வெளுத்தது, எல்லோரும் மகிழ்ந்தோம். இரண்டாம் மாதம் வெயிலில் நின்றால் எரிவும், கன்னத்தில் நூல் போன்ற சிவந்த நரம்புகளும், நாடியில் பருக்களும் வந்தன. பயந்து பூச்சை ஒரேயடியாக நிறுத்தியதும் முகம் முழுவதும் சிவந்து வீங்கிவிட்டது. தோல் மெலிந்திருப்பதைப் பார்த்த தோல் வைத்திய நிபுணர், வீரியமான ஸ்டீரொய்ட் (அழற்சியை அடக்கும் மருந்து) கலந்த பூச்சுகள் விட்டுச்செல்லும் அடையாளம் இது என்றார். இத்தகைய பூச்சுகளில் சிறுநீரகத்தைப் பாதிக்கும் பாதரசம் கலக்கப்படுவதும் உண்டு என்பதால் சிறுநீர்ப் பரிசோதனையும் எழுதித் தந்தார்.

பற்றுச்சீட்டு இல்லை என்று கடையில் கையை விரித்தார்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்தில் முறைப்பாடு செய்திருக்கிறேன். இதே போன்ற பூச்சைப் பல வாரம் பூசியவர்கள் தாமாக நிறுத்தி முகத்தைப் புண்ணாக்காமல், டப்பியையும் எடுத்துக்கொண்டு உடனே தோல் வைத்தியரிடம் போங்கள்.