க்னூகேஷுக்கு மாறிய கதையும் 692 ரூபாயும்

எஸ்எம்எஸ்ஸைப் படித்துத் தானே கணக்கு எழுதிக்கொள்ளும் செயலி ஒன்றை நாலு வருடமாக வைத்திருந்தேன், பெயர் வேண்டாம். லோன் வேண்டுமா லோன் வேண்டுமா என்று அது நச்சரித்தது தாங்காமல் ஜூலையில் க்னூகேஷ் (GnuCash) என்ற கணக்கு எழுதும் மென்பொருளுக்கு மாறினேன். இலவசம், கணினியில் ஓடுவது, கணக்குக் கோப்பு நம் வட்டிலேயே இருக்கும். பார்ப்பதற்கு ஏதோ பழைய டாலி மாதிரிதான், அழகை எதிர்பார்க்காதீர்கள்.

நான் செய்த முதல் தப்பு, நாலு வருடத்தையும் சிஎஸ்வியாக (வரிவரியாக எழுதிய அட்டவணைக் கோப்பு) எடுத்து மொத்தமாக உள்ளே தள்ளியது. சேமிப்புக் கணக்கு மைனஸ் அறுபதாயிரம் சொச்சம் காட்டியது, வயிற்றைக் கலக்கிவிட்டது. பழைய செயலியில் ஆரம்ப இருப்பு என்பது செட்டிங்கில் உட்கார்ந்திருந்த ஓர் எண், பரிவர்த்தனையே இல்லை, அதனால் சிஎஸ்வியில் அது வரவில்லை. க்னூகேஷில் இருப்பு என்று தனியாக எழுதி வைக்க இடம் கிடையாது, பதிவுகளைக் கூட்டினால் வருவதுதான் இருப்பு. இரட்டைப் பதிவு முறை வேறு, எந்தத் தொகையையும் எங்கிருந்து வந்தது, எங்கே போனது என்று இரண்டு கணக்கில் எழுத வேண்டும், அதனால் ஆரம்ப இருப்புக்கும் ஒரு மறுபக்கம் வேண்டும். அதற்கென்றே ஈக்விட்டி, அதாவது சொந்த முதல் என்ற தலைப்புக்குக் கீழே 'ஓப்பனிங் பேலன்சஸ்' என்று ஒரு கணக்கு இருக்கிறது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு, பாஸ்புக்கில் மார்ச் 31 இருந்த தொகையை ஏப்ரல் 1 தேதியிட்டுப் போட்டேன், அப்புறம் வந்த பதிவுகளை மட்டும் ஏற்றினேன். பழைய வருடங்கள் சிஎஸ்வியிலேயே தூங்கட்டும்.

அப்படியும் க்னூகேஷ் காட்டிய இருப்பு பாஸ்புக்கைவிட ₹30,548 குறைவு. ஒரே வரியில் 'அட்ஜஸ்ட்மென்ட்' என்று போட்டு மூடிவிடலாம், கை அரித்தது. நல்லவேளை போடவில்லை. ரீகன்சைல் (வங்கிக் கணக்கோடு ஒத்துப்பார்ப்பது) ஜன்னலைத் திறந்து ஸ்டேட்மென்ட் தேதியையும் முடிவு இருப்பையும் கொடுத்துவிட்டு, பாஸ்புக்கை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாக டிக் அடித்தேன், கீழே வித்தியாசம் குறைந்துகொண்டே வரும், பூஜ்ஜியம் ஆனால்தான் அந்த மாதம் முடிந்தது. ஜூன் மாதத்தில் மாட்டியது. கிரெடிட் கார்டு பில் கட்டினால் வங்கியிலிருந்து ஒரு எஸ்எம்எஸ், கார்டிலிருந்து ஒரு எஸ்எம்எஸ், செயலியில் இரண்டு பதிவு. இறக்குமதியின்போது நான் இரண்டுக்கும் மறுபக்கத்தைச் சரியாகக் காட்டியதால் ஒரே பில்லை இரண்டு முறை கட்டியதாக ஆகிவிட்டது! மூன்று மாதமும் சேர்த்து ₹31,240. கார்டு பக்கத்துப் பதிவுகளை நீக்கினேன்.

இப்போது ₹692 அதிகம்.

"692 ரூபாய்க்கா ரெண்டு நாளா உக்காந்திருக்கீங்க?" என்றாள் மனைவி. நியாயமான கேள்விதான். ஆனால் விடை மே மாதப் பக்கத்திலேயே இருந்தது: பிரதமர் ஜீவன் ஜோதி காப்பீட்டுக்கு 436, விபத்துக் காப்பீட்டுக்கு 20, வருடா வருடம் மே கடைசியில் தானாகவே பிடிப்பார்களே, அது. மிச்சம் 236, டெபிட் கார்டு ஆண்டுக் கட்டணம் 200, அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. அந்தக் கார்டை நான் உறையைவிட்டே எடுத்ததில்லை. மூன்றையும் செயலி கண்டுகொள்ளவே இல்லை, அட்ஜஸ்ட்மென்ட் போட்டிருந்தால் நானும் கண்டுகொண்டிருக்க மாட்டேன்.

குறை? சிஎஸ்வி இறக்குமதித் திரையில் தேதி வரிசை நாள்-மாதம்-வருடம்தானா என்று பார்க்காமல் அடுத்ததை அழுத்தினால் 5 ஜூன் 6 மே ஆகிவிடும். ஜெர்மனிக்காரர்களுக்கு வங்கியோடு நேரடி இணைப்பு உண்டு, நமக்கு மாதா மாதம் ஸ்டேட்மென்ட்டை இறக்கி ஏற்றும் வேலைதான். ஃபோனில் உடனுக்குடன் டீக்காசு எழுதுகிறவர்களுக்கு இது சரிப்படாது. எனக்கு ஞாயிறு காலை அரை மணி நேரம் போதும், ஐந்துக்கு நாலு கொடுப்பேன்.

மாறுகிறவர்கள் பழைய செயலியை உடனே அழித்துவிடாதீர்கள். ஒரு மாதமாவது முழுசாக ரீகன்சைல் ஆகட்டும். நான் இன்னும் வைத்திருக்கிறேன், எஸ்எம்எஸ் அனுமதியை மட்டும் பிடுங்கிவிட்டேன்.