உணவு டைரி ஆப்: சாம்பார், ஒரு கிண்ணம்

இந்த உணவு டைரி ஆப்பின் ஆண்டுச் சந்தா பாதி விலைக்கு வந்திருக்கிறது, வாங்கலாமா என்று அலுவலகத் தோழி ஒருவர் கேட்டார். சாப்பிடுவதை எல்லாம் நான் இந்த ஆப்பில் குறித்து வருவது அவருக்குத் தெரியும். ஒரு வரியில் பதில் சொல்ல வரவில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் என் கோபம். ‘சாம்பார், ஒரு கிண்ணம்’ என்று தேடினால் நீளமாக ஒரு பட்டியல் வருகிறது. ஒன்றில் இருக்கும் கலோரி அடுத்ததில் இரண்டு மடங்கு. எந்த அளவுக் கிண்ணம், பருப்பு எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு? எதிலும் இல்லை. யார் வேண்டுமானாலும் பதிவு சேர்க்கலாம், சரிபார்க்க ஆள் இல்லை. சோறு இன்னும் மோசம். 100 கிராம் அரிசியில் ஏறக்குறைய 350 கலோரி. அதுவே தண்ணீரை இழுத்துச் சோறான பிறகு 100 கிராமுக்குச் சுமார் 130தான். ஆப்பில் வெறுமனே ‘ரைஸ், 100 கிராம்’ என்று போட்டிருக்கிறார்கள். அரிசியா, சோறா? மாறிப்போனால் மதியக் கணக்கே வீண். ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் 528 உணவுப்பொருட்களுக்குச் சத்து அட்டவணை வெளியிட்டிருக்கிறது. துவரம் பருப்பு, முருங்கைக்கீரை எல்லாம் அதில் உண்டு. இந்தியாவில் சந்தா வசூலிப்பவர்கள் அதையாவது ஒருமுறை புரட்டிப் பார்த்திருக்கலாம்.

இவ்வளவுக்கும் நான் விடாமல் இருந்ததற்குக் காரணம், நம் சமையலை நாமே பதிந்துகொள்ளும் வசதி. பருப்பு, காய், எண்ணெய் எல்லாவற்றையும் பச்சையாக நிறுத்துப் போட வேண்டும். இறக்கியதும் பாத்திரத்தோடு நிறுத்து, பாத்திரத்தின் எடையைக் கழிக்க வேண்டும். அப்புறம் தட்டில் விழுவது எத்தனை கிராம் என்று போட்டால் போதும். என் வீட்டுச் சாம்பாருக்கு என் வீட்டுக் கணக்கு!

அதன் பிறகு தெரிந்தவைதான் பெரிய விஷயம். இட்லிப் பொடியில் ஊற்றும் நல்லெண்ணெய் ஒரு டேபிள்ஸ்பூன் 120 கலோரி, கிட்டத்தட்ட இரண்டு இட்லி. காபிக்கு டம்ளருக்கு இரண்டு டீஸ்பூன் சர்க்கரை என்றால், மூன்று டம்ளரிலேயே, ஒரு நாளைக்கு இதற்குள் இருப்பது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும் 25 கிராமைக் கிட்டத்தட்டத் தொட்டுவிடுகிறோம். புரதம்தான் என்னை உலுக்கியது. ஒரு நாளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம், அதாவது 60 கிலோ எடைக்கு 50 கிராம் வேண்டும். காலையும் இரவும் இட்லி, மதியம் ரசம் சோறு என்று போன நாட்களில் பாதியைத் தாண்டுவதே சிரமமாக இருந்தது. இப்போது மாலையில் சுண்டல், காலையில் முட்டை. மதியத்துக்கு மேல் வரும் அசதி குறைந்திருக்கிறது. இதை ஆப்பின் கணக்கில்தான் எழுத வேண்டும்.

ஆனால் போன அப்டேட்டில், நான் கிராமில் சேமித்து வைத்திருந்த சமையல் எல்லாம் ‘ஒரு பரிமாறல்’ என்று மாறிவிட்டது. புகார் எழுதினேன். ‘உங்கள் கருத்துக்கு நன்றி’ என்று பதில் வந்தது. பாடுபட்டு நிறுத்துச் சேர்த்ததை இப்படிக் கேட்காமல் கலைக்க அவர்களுக்கு என்ன உரிமை?

அதனால் தோழிக்கு என் பதில்: வாங்காதீர்கள். அந்தக் காசில் நல்ல டிஜிட்டல் தராசு ஒன்று வாங்குங்கள், இலவசக் கணக்கில் உங்கள் சமையலைப் பதியுங்கள், ஒரு நகலை நோட்டில் எழுதி வையுங்கள். கிராம் திரும்பி வந்தால் சொல்கிறேன்.