தரைப்புகைக்கு எந்த ஐஸ்: கட்டியா, தூளா, ட்ரை ஐஸா?

மேடையில் காட்சி தொடங்கிய முதல் இரண்டு நிமிடம் புகை கணுக்காலோடு நின்று அழகாகத் தவழும். அப்புறம் மெல்ல முழங்காலுக்கு வரும். பாட்டு முடிவதற்குள் நடிகர்களின் இடுப்பைத் தாண்டி, பின்திரையையே மறைத்துவிடும். தரைப்புகை மெஷினோடு வேலை செய்த யாரும் இதைப் பார்க்காமல் இருந்திருக்க மாட்டார்கள். பார்த்ததும் எல்லாரும் சொல்வது, "ஐஸ் பத்தவில்லை." பல நேரம், புகையைக் குளிர்விக்க ஐஸ் போட்டு வைக்கும் பெட்டியைத் திறந்தால் பாதிக்கு மேல் ஐஸ் அப்படியே கிடக்கும். புகை அதைத் தொடாமலே வெளியே போயிருக்கும்.

மெஷினுக்குள் கிளைக்கால் (glycol) என்ற வேதிப்பொருளும் தண்ணீரும் கலந்த திரவம் சூடாகி ஆவியாகிறது. வெளியே வந்ததும் நுண்ணிய துளிகளாக மாறி, நம் கண்ணுக்குப் புகையாகத் தெரிகிறது. சூடான புகை மேலேதான் போகும். ஐஸ் பெட்டி வழியாக வரும்போது சூட்டைப் பறிகொடுத்தால், சுற்றியுள்ள காற்றைவிடக் கனமாகித் தரையில் படியும். மறுபடி சூடாகும் வரைதான் அந்தப் படிவு.

இந்தச் சூட்டை எடுப்பதில் பெரும்பங்கு ஐஸ் உருகுவதற்கு உண்டு. 1 கிலோ ஐஸ் உருக 334 கிலோஜூல் வெப்பம் வேண்டும். அதே 1 கிலோவை மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரிலிருந்து எடுத்து வந்தால், அது 0 டிகிரிக்கு வருவதற்குள் கூடுதலாக உறிஞ்சுவது சுமார் 38 கிலோஜூல்தான். ஆகவே ஐஸ் எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்று கவலைப்படுவதைவிட, எவ்வளவு பரப்பு புகையின் மேல் படுகிறது என்று பார்ப்பது பலன் தரும். 10 சென்டிமீட்டர் பக்கமுள்ள ஒரு ஐஸ் பாளத்தின் மொத்தப் பரப்பு 600 சதுர சென்டிமீட்டர். அதையே 2 சென்டிமீட்டர் கட்டிகளாக வெட்டினால் 3,000. எடை ஒன்றுதான், பரப்பு ஐந்து மடங்கு. பாளமாக வாங்கிப் போட்டால் விடிய விடியக் கிடக்கும். புகை மட்டும் குளிராது.

அப்படியானால் தூளாக நொறுக்கிவிட்டால் இன்னும் நல்லதுதானே? கணக்குப்படி ஆமாம். நானும் அதை நம்பி ஒரு முழு ஒத்திகையை வீணாக்கியிருக்கிறேன். மூடியைத் திறந்து பார்த்தபோது, புகை நுழையும் வாயிலிருந்து வெளியேறும் வாய் வரை கட்டைவிரல் அகலத்தில் ஒரே ஒரு துளை, எலி வளை மாதிரி. அதன் உட்சுவர் மட்டும் ஈரமாக வழவழவென்று இருந்தது. சுற்றிலும் இருந்த ஐஸ் வெள்ளையாக இறுகிப்போய்த் துளியும் உருகாமல் கிடந்தது. தூளில் உருகும் தண்ணீர் இடுக்குகளில் இறங்கி, குளிர்ந்த துகள்களில் பட்டு மறுபடி உறைகிறது. எல்லாம் ஒரே பலகையாக ஒட்டிக்கொள்கிறது. புகையோ எளிய வழி ஒன்றைக் குடைந்துகொண்டு சூடாகவே ஓடிவிடுகிறது.

அதனால் என் தேர்வு கட்டி ஐஸ். கட்டிகளுக்கு நடுவே இடைவெளி நிற்கும், புகை வளைந்து நெளிந்து போகும். நடுவில் துளையுள்ள குழல் வடிவ ஐஸ் கிடைத்தால் இன்னும் நல்லது, உள்ளேயும் புகை படும். பையோடு இறுகிப்போன கட்டிகளை அப்படியே கவிழ்க்காமல், தட்டி உதிர்த்துப் போடுங்கள். அடியில் ஒரு கம்பி வலை வைத்து ஐஸை உயர்த்தி, உருகிய தண்ணீர் வடிய வழி விடுங்கள். தண்ணீரில் மூழ்கிக் கிடக்கும் கட்டியைப் புகை தொடுவதே இல்லை.

உப்பு தூவலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். உப்பு சேர்ந்தால் குளிர் மைனஸ் 21 டிகிரி வரைகூட இறங்கும், உண்மைதான். ஆனால் ஐஸ் வேகமாகக் கரைந்துபோகும், உலோகப் பாகங்கள் துருப்பிடிக்கும். நான் போடுவதில்லை. தண்ணீர் பாட்டில்களை உறைய வைத்து அடுக்கும் முறை ஒத்திகைக்குப் போதும். உறையும்போது தண்ணீர் சுமார் 9 சதவீதம் விரியும் என்பதால், கழுத்து வரை நிரப்பாதீர்கள்.

ட்ரை ஐஸ் வேறு ரகம். அதற்குக் கிளைக்கால் திரவமே வேண்டாம். மைனஸ் 78.5 டிகிரியில் இருக்கும் திடக் கார்பன் டை ஆக்சைடைச் சுடுநீரில் இறக்கினால், வெளிவரும் குளிர்ந்த வாயுவில் நீராவி துளிகளாகி வெள்ளை வெளேரென்று பொங்கும். அந்த வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம். பால் வழிவது போல மேடை விளிம்பில் அது வழியும் அழகுக்குக் கட்டி ஐஸ் ஈடாகாது, ஒத்துக்கொள்கிறேன். காட்சி முடிந்ததும் மேலே மங்கலாகத் தங்காமல் மறைந்தும் போகும். ஆனால் தண்ணீர் ஆறஆறப் புகை குறையும், ஹீட்டர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். முந்தின நாளே வாங்கி வைத்தால் நல்ல பெட்டியில்கூடக் குறைந்துபோகும். காற்றுப்புகாமல் மூடிய பாத்திரத்தில் வைத்தால் வெடிக்கும். வெறுங்கையால் தொட்டால் தோல் புண்ணாகும்.

என்னை நிறுத்துவது இவையெல்லாம் இல்லை. 1 கிலோ ட்ரை ஐஸ் சுமார் 540 லிட்டர் வாயுவாகும். வெள்ளைப் புகை கலைந்த பிறகும் அந்த வாயு கண்ணுக்குத் தெரியாமல் பள்ளத்தில் தேங்கும். மேடைக்குக் கீழே வாத்தியக் குழு உட்காரும் குழி, மேடைத் தரையில் திறக்கும் பொறிக்கதவின் அடியில் காத்திருக்கும் ஆள், தரையில் படுத்துத் தூங்குவதாக நடிக்கும் குழந்தை. வேலையிடங்களில் காற்றில் இந்த வாயுவுக்கு 8 மணி நேரத்துக்குப் பொதுவாக ஏற்கப்படும் வரம்பு 0.5 சதவீதம், 4 சதவீதம் உடனடி உயிராபத்து. தரையோடு முகம் வைக்கும் காட்சி ஒன்று இருந்தால்கூட ட்ரை ஐஸ் வேண்டாம் என்பேன். மற்ற இடங்களில் இந்த வாயுவை அளக்கும் மீட்டரும் நல்ல காற்றோட்டமும் இருந்தால் பார்க்கலாம். கட்டி ஐஸுக்கென்று செய்த பெட்டியில், தயாரிப்பாளர் அனுமதிக்காமல் இதைப் போடாதீர்கள்.

ஐஸ் எதுவானாலும் புகையை அவசரப்படுத்தக் கூடாது. மெஷினை முழு வேகத்தில் விடாமல் சின்னச் சின்ன வீச்சாக விட்டால், புகை பெட்டிக்குள் தங்கிக் குளிர நேரம் கிடைக்கும். வெளிவரும் குழாயின் வாய் தரையோடு தரையாகக் கிடக்கட்டும். சீக்கிரம் கலையும் வகைத் திரவத்தையே ஊற்றுங்கள். கனமான திரவம் என்றால், சூடானதும் மேலேறி லைட் வெளிச்சத்தில் மூட்டமாக நிற்கும். குழாய் வாயைச் சுற்றித் தரை வழுக்கும், அங்கே நடனமாடுபவர்கள் கால் வைக்காதபடி இடம் குறியுங்கள்.

அப்புறம் காற்று. ஏசியை நிறுத்தி, கதவுகளைச் சாத்திவிட்டு ஒத்திகை பார்த்தால் எந்த ஐஸும் ஜெயிக்கும். காட்சி அன்று என்னென்ன ஓடுமோ அத்தனையையும் ஓடவிட்டு, பக்கத்திரைகளைத் திறந்து வைத்து, கடைசி வரிசையில் உட்கார்ந்து பாருங்கள்.