இருப்பு, மதில், கற்பித்தல்: டிஸ்டோபியா நாவல்களின் மூன்று வழிகள்

நாகரிகம் குலைந்த உலகைச் சொல்லும் நாவல்களில் மனிதர்கள் பிழைத்திருக்க நம்பும் வழிகள் பெரும்பாலும் மூன்றுதான்: பொருளைச் சேர்த்து ஒளித்து வைப்பது, மதில் எழுப்பிக் காவல் காப்பது, தெரிந்ததைப் பிறருக்குக் கற்றுக்கொடுப்பது.

முதல் வழியின் போதாமை கார்மக் மெக்கார்த்தியின் 'தி ரோட்' (2006) நாவலில் தெளிவாகிறது. பட்டினியால் சாகக் கிடக்கும் தந்தையும் மகனும், டின் உணவும் தண்ணீரும் நிரம்பிய ஒரு நிலவறையைக் கண்டடைகிறார்கள். சேர்த்து வைத்தவருக்கு அது பயன்படவில்லை. வேறு யாரேனும் கண்டுபிடித்துவிடுவார்கள் என்ற அச்சத்தில் இவர்களும் அங்கே நெடுநாள் தங்கத் துணியவில்லை. காப்பதற்கு ஆளில்லாத இருப்பால் சில நாள் உயிர்தான் நீள்கிறது. அதைச் சுற்றி ஒரு சமூகம் உருவாவதில்லை.

மதிலைப் பற்றி ஆக்டேவியா பட்லர் எழுதியதைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். 1993இல் வெளிவந்த 'பேரபிள் ஆஃப் த சோவர்' நாவலின் கதை 2024இல், லாஸ் ஏஞ்சலஸுக்கு அருகில், மதில் சூழ்ந்த ஒரு சிறு குடியிருப்பில் தொடங்குகிறது. அங்குள்ளோர் காய்கறி பயிரிடுகிறார்கள், துப்பாக்கி சுடப் பழகுகிறார்கள், திருட்டு பெருகியபின் இரவுக் காவலும் போடுகிறார்கள். ஆயினும், மதில் ஒருநாள் விழும் என்பதை அவர்களில் பெரும்பாலோர் பேசவே விரும்புவதில்லை. பதின்பருவப் பெண் லாரன் மட்டும் மருத்துவத்தையும் உண்ணத்தக்க காட்டுத் தாவரங்களையும் பற்றிய நூல்களைப் படித்து, அவசரப் பை ஒன்றையும் கட்டி வைக்கிறாள். தோழியிடம் அதைச் சொன்னபோது வீண் பீதி கிளப்புவதாகப் பேச்சு எழுகிறது. அவளுடைய தந்தையோ, பயமுறுத்தாதே, கற்றுக்கொடு என்கிறார். என் பார்வையில் நாவலின் மையமே இந்த அறிவுரைதான். 2027இல் குடியிருப்பு எரிக்கப்படும்போது அந்தப் பை அவளைக் காப்பாற்றுகிறது. மதிலுக்குள் இருந்த மற்றவர்களுள் மிகச் சிலரே தப்புகிறார்கள்.

கற்பித்தலிலும் எதைக் கற்பிப்பது என்ற கேள்வி உண்டு. ஜார்ஜ் ஆர். ஸ்டூவர்ட்டின் 'எர்த் அபைட்ஸ்' (1949) நாவலில், கொள்ளை நோய்க்குத் தப்பிய சிறு குழு, கடைகளில் மிஞ்சிய டின் உணவையும் பழைய குழாய்களில் வந்த தண்ணீரையும் நம்பிப் பல ஆண்டுகளைக் கழிக்கிறது. பல்கலைக்கழக நூலகத்தின் அறிவு தன் பிள்ளைகளுக்குச் சேர வேண்டும் என்று தவிக்கும் கதைநாயகன் இஷ், அதற்கு ஏற்றவன் என்று நம்பிய ஒரே மகனை டைஃபாய்டுக்குப் பறிகொடுக்கிறான். அதன்பின் அவன் சிறுவர்களுக்கு வில் செய்யக் காட்டுகிறான். விளையாட்டாகத் தொடங்கிய அது அடுத்த தலைமுறையின் வேட்டைக் கருவியாகிறது. ஒருவனிடம் மட்டும் ஒப்படைக்க நினைத்த அறிவு அவனோடு மறைய, எல்லோர் கையிலும் புழங்கிய திறன் நிற்கிறது.

மூன்று வழிகளில் கற்பித்தலையே நான் முதலில் வைப்பேன். அதற்குப் பட்லரே இன்னொரு சான்றும் தருகிறார். 1998இல் வந்த தொடர்ச்சி நாவலில், லாரன் வடக்கே கட்டியெழுப்பிய ஏகார்ன் என்ற குடியிருப்பும் மதவெறிக் கும்பலிடம் பறிபோகிறது. அதன்பின் அவள் இன்னொரு குடியிருப்பைக் கட்ட முனையாமல், வீடு வீடாகத் தங்கி, மாற்றமே கடவுள் என்ற தன் கொள்கையைக் கற்பிக்கத் தொடங்குகிறாள்.